நீஸில் காரை எடுத்து ஃப்ளாரன்ஸில் விடுவதாக இருந்தால், பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

பிரான்ஸில் வாடகைக் கார் எடுத்து, கடலோரமாகவே ஓட்டிப் போய் இத்தாலியில் விட்டுவிட்டு, அங்கிருந்து ரயிலில் பாரிஸ் திரும்பலாம் என்று திட்டம் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்களும் அப்படித்தான் போனோம். ஊர் பார்த்ததில் ஒரு குறையும் இல்லை. கார் விஷயத்தில்தான் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டார்கள்.

பல கம்பெனிகளின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தளத்தில் பதிவு செய்தோம். நீஸ் விமான நிலையத்தில் எடுப்பது, ஃப்ளாரன்ஸில் விடுவது, ‘முழுக் காப்பீடு’ உட்பட 340 யூரோ. பணமும் அப்போதே கட்டியாயிற்று. நீஸில் கவுண்டருக்குப் போனால், சாவியைத் தருவதற்கு முன் இன்னொரு கணக்கு வருகிறது: ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடுவதற்கு ஒருவழிக் கட்டணம், 450 யூரோ. அதாவது வாடகையைவிட அதிகம். தளம் அனுப்பிய வவுச்சரின் கடைசிப் பக்கத்தில் ‘ஒருவழிக் கட்டணம் இருப்பின் கவுண்டரில் செலுத்தவும்’ என்று ஒரு வரி இருந்தது உண்மை. எவ்வளவு என்று எங்கேயும் இல்லை.

அந்தக் கட்டணம் வாங்குவதே அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரெஞ்சு நம்பர் பிளேட் வண்டியை யாராவது திரும்ப ஓட்டிக்கொண்டு வந்தாக வேண்டுமே. ஆனால் எங்கே எடுக்கிறோம், எங்கே விடுகிறோம் என்று இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு விலை காட்டிய தளம், பெரிய தொகையை மட்டும் கண்ணில் காட்டாமல் விட்டதை வேறு எப்படிச் சொல்வது?

அடுத்தது காப்பீடு. கவுண்டரில் இருந்தவர் எங்கள் வவுச்சரைப் பார்த்துவிட்டு, “இது எங்கள் காப்பீடு இல்லை” என்று சொல்லி, ஒப்பந்தத் தாளில் 1,800 என்ற எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார். ஒரு கீறல் விழுந்தாலும் அந்தத் தொகை வரை நம் பொறுப்பு; அவ்வளவையும் கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்களாம். வேண்டாமென்றால் அவர்களுடைய காப்பீட்டை எடுக்க வேண்டும், ஒரு நாளைக்கு 35 யூரோ. தளத்தில் விற்கும் ‘முழுக் காப்பீடு’ எப்படி வேலை செய்கிறது என்றால், சேதம் ஆனால் முதலில் கார் கம்பெனிக்கு நம் கையிலிருந்து கட்ட வேண்டும். அப்புறம் ரசீது, சேத அறிக்கை, ஒப்பந்த நகல் எல்லாவற்றையும் அனுப்பி, தளத்திடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பெயர் முழுக் காப்பீடு, கவுண்டரில் அதற்கு மதிப்பு சுழியம்.

பின்னால் வரிசை நீள்கிறது, மாமனார் மாமியார் பெட்டிகளோடு நிற்கிறார்கள், கவுண்டர்காரர் டேப்லெட்டை நீட்டி ‘இங்கே, இங்கே, இங்கே’ என்று கையெழுத்து வாங்குகிறார். ஃபிரெஞ்சில் இருந்த அந்தப் பக்கங்களை யாரும் படிக்க முடியாது, படிக்க விடுவதும் இல்லை. கடைசியில் கார்டு மெஷினில் தொகை ரூபாயில் வந்து நின்றது. யூரோ என்று இன்னொரு பொத்தானும் இருந்தது, ஆனால் அவரே ரூபாயை அழுத்தப் போனார். தடுத்து யூரோவைத் தேர்ந்தெடுத்தோம். ரூபாயில் கட்டினால் மாற்று விகிதத்தை மெஷின்காரர்களே வைப்பார்கள், அது நமக்கு லாபமாக இருந்ததாகச் சரித்திரமே கிடையாது.

ஓட்டிய பாதையைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. எல்லையை ஒட்டிய இத்தாலிய ஊரான வென்டிமில்யா தாண்டியதும் ஜெனோவா வரை சுரங்கம், பாலம், மறுபடி சுரங்கம் என்றே போகிறது. நடுநடுவே சாலைப் பணி. கடலை ரசித்தது பின் சீட்டில் இருந்தவர்கள் மட்டும்தான். கடலோரத்தில் ஐந்து கிராமங்கள் சேர்ந்த சிங்க்வே டெர்ரேவில் கார் ஒன்றுக்கும் உதவாது. பக்கத்து நகரமான லா ஸ்பெட்சியாவில் நிறுத்திவிட்டு உள்ளூர் ரயிலில்தான் அந்த ஐந்து கிராமங்களுக்கும் போனோம்.

இனி ஃப்ளாரன்ஸ். இத்தாலிய நகரங்களின் பழைய மையப் பகுதிகள் பெரும்பாலும் ‘இசட்.டி.எல்.’ எனப்படும் கட்டுப்பாட்டு மண்டலங்கள். அனுமதி இல்லாத வண்டி நுழைந்தால் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும். ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். காரை விட வேண்டிய அலுவலகம் நகரத்துக்குள் இருந்ததால், நீஸில் புறப்படும்போதே கேட்டோம். ஃப்ளாரன்ஸ் கிளை எங்கள் வண்டி எண்ணை மாநகராட்சிக்கு அனுப்பிவிடும், கவலை வேண்டாம் என்றார்கள். வண்டியை விட்டபோதும் அதையேதான் சொன்னார்கள்.

ஊர் திரும்பி சில மாதம் கழித்து, ஒரு ராத்திரி கார்டிலிருந்து இரண்டு முறை 48 யூரோ போனதாக மெசேஜ் வந்தது. அது அபராதம்கூட இல்லை. போலீஸ் கேட்டதால் கார் கம்பெனி எங்கள் பெயரையும் முகவரியையும் கொடுத்ததற்கான ‘நிர்வாகக் கட்டணம்’. அபராத நோட்டீஸ் தனியாக வரும்; வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதை அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. வண்டி எண்ணை அனுப்பியதற்கு ஆதாரம் கேட்டேன். ஃப்ளாரன்ஸ் கிளை நீஸைக் கேள் என்கிறது, நீஸ் தளத்தைக் கேள் என்கிறது, தளம் ‘இது உங்களுக்கும் கார் கம்பெனிக்கும் இடையிலான விஷயம்’ என்று தானியங்கி பதில் அனுப்புகிறது.

ரயிலிலும் இதே கூத்துதான், தொகை சிறியது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். டிக்கெட் விற்கும் இன்னொரு தளம் ஃப்ளாரன்ஸ்–மிலான்–பாரிஸ் என்று ஒரே பயணமாகக் காட்டி விற்றது. மிலானில் இறங்குவது சென்ட்ராலே நிலையம், பாரிஸ் போகும் டி.ஜி.வி. என்ற பிரெஞ்சு அதிவேக ரயில் கிளம்புவதோ போர்த்தா கரிபால்டி நிலையம். நடுவில் மெட்ரோவில் போக வேண்டும் என்பது அவர்கள் காட்டிய பயணத் திட்டத்தில் எங்கேயும் இல்லை. முதல் ரயில் தாமதமாக வந்தது, இரண்டாவது போய்விட்டது. தனித்தனி டிக்கெட், பொறுப்பேற்க முடியாது என்றார்கள். ஆனால் 2023 ஜூனிலிருந்து நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய ரயில் பயணி உரிமை விதிப்படி, விற்பவரே தனித்தனி டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையாக விற்று, அவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்று முன்கூட்டியே தெரிவிக்காமல் விட்டால், இணைப்பு ரயில் தவறும்போது முழுப் பணத்தையும் திருப்பித் தந்து அதற்கு மேல் 75 சதவீதம் இழப்பீடும் தர வேண்டும். இதை எழுதிக் கேட்ட பிறகுதான் அவர்கள் குரலில் மரியாதை வந்தது. டிக்கெட் பணம் வந்துவிட்டது, இழப்பீட்டுக்கு இன்னும் இழுக்கிறார்கள்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: எல்லையைக் காரில் தாண்டாதீர்கள். நீஸிலிருந்து வென்டிமில்யாவுக்கு உள்ளூர் ரயில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். அங்கே இத்தாலிய ரயிலுக்கு மாறி ஜெனோவா போய், கார் தேவைப்பட்டால் அங்கே எடுங்கள். ஒரே நாட்டுக்குள் எடுத்து விட்டால் ஒருவழிக் கட்டணம் பெரும்பாலும் இவ்வளவு கடிக்காது. ஃப்ளாரன்ஸில் விடுவதாக இருந்தால் விமான நிலையக் கிளையைத் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து டிராம் நேராக சான்டா மரியா நொவெல்லா ரயில் நிலையத்துக்கு வருகிறது. நகரத்துக் கிளைகள் பல மதியம் பூட்டிவிடும், ஞாயிறு திறக்காது. சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், அவர்கள் திறந்து பார்க்கும் வரை வண்டிக்கு நாம்தான் பொறுப்பு.

நம் ஊர் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை மறக்க வேண்டாம், இத்தாலியில் வெறும் இந்திய உரிமம் போதாது. ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள், கவுண்டரில் கட்ட வேண்டிய மொத்தத் தொகை எவ்வளவு, வண்டி எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று கார் கம்பெனியிடமே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். எங்கள் வங்கியில் கொடுத்த புகாரில் இரண்டு 48 யூரோவில் ஒன்று திரும்பி வந்திருக்கிறது. மற்றொன்றுக்கு கார் கம்பெனி பதிலே அனுப்பவில்லை என்கிறார்கள்.