எடை காட்டுவதில் கெட்டி, வளர்சிதை மாற்றத்தில் வெறும் கணக்கு

வெறுங்காலுடன் ஏறி நின்றால் எடையோடு கொழுப்பு விழுக்காடு, தசை அளவு, அடிப்படை வளர்சிதை மாற்ற விகிதம் (ஓய்வில் உடல் ஒரு நாளில் செலவிடும் ஆற்றல்), ‘வளர்சிதை மாற்ற வயது’ (அந்த விகிதம் எந்த வயதினருக்கு உரியது என்ற கணிப்பு) என ஒரு பட்டியலையே கைப்பேசிச் செயலிக்கு அனுப்பிவிடும் டிஜிட்டல் எடைக்கருவி ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். எடை பார்க்க மட்டும் என்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்தடுத்து ஏறி நின்றாலும் எண் மாறுவதில்லை.

சிக்கல் மற்ற எண்களில்தான். கருவி உண்மையில் அளப்பது எடையையும், பாதங்கள் வழியே செலுத்தும் மிகச் சிறிய மின்னோட்டத்துக்கு உடல் காட்டும் தடையையும் மட்டுமே. வளர்சிதை மாற்றத்தை அளக்க வேண்டுமானால் உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனையோ வெளியிடும் வெப்பத்தையோ அளக்க வேண்டும். ஐயம் தீரச் செயலியில் என் வயதைப் பத்து ஆண்டு கூட்டிப் பார்த்தேன். அடிப்படை விகிதம் அந்த நொடியே 50 கலோரி இறங்கியது. எடை, உயரம், வயது ஆகியவற்றைக் கொண்டு இந்த விகிதத்தைக் கணிக்கும், 1990-இல் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜோர் சூத்திரமும் வயதுக்கு ஆண்டுக்கு 5 கலோரிதான் கழிக்கிறது! உடலின் அளவையும் கொழுப்பற்ற எடையையும் கணக்கில் கொண்டால் 20 முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது என்று 2021-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த பன்னாட்டு ஆய்வு காட்டியிருக்க, ‘வளர்சிதை மாற்ற வயது’ என்ற எண்ணை எதற்காகக் காட்டுகிறார்கள் என்பது விளங்கவில்லை.

மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்கியது. செயலி பாராட்டித் தள்ளியது. மாவுச்சத்து குறைந்தால் உடல் தன் சேமிப்பு மாவுச்சத்தான கிளைக்கோஜனைச் செலவிடும்; அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் நீர் சேர்ந்திருப்பதால், அப்போது வெளியேறியதில் பெரும்பகுதி நீரே. நீர் குறைந்தால் மின்தடை கூடும், மின்தடை கூடினால் கொழுப்பு கூடியதாகக் கருவி எடுத்துக்கொள்ளும். ஆகவே அதே திரையில் பாராட்டுக்குக் கீழேயே கொழுப்பு விழுக்காடு உயர்ந்திருந்தது.

உணவுத் திட்டப் பகுதி இன்னும் மோசம். இளைக்க இளைக்க உடல் செலவிடும் ஆற்றலும் குறைந்துகொண்டே வரும் என்பதைப் பொருட்படுத்தாமல், இலக்கு எடையை நோக்கி நேர்க்கோடு ஒன்றை வரைந்துவிடுகிறது. சில வாரங்களில் எடை தேங்கியதும் நாம்தான் கட்டுப்பாடு தவறியதுபோல் எச்சரிக்கிறது.

வாங்கலாம், ஆனால் எடைக்கும் அதன் வாராந்திரச் சராசரி வரைபடத்துக்கும் மட்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மின்னோட்ட அளவீட்டைப் பயன்படுத்தக் கூடாது; கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடக்கும் இந்த எச்சரிக்கையைப் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்க வேண்டும்.