26 கிலோ மான் கறி, நாலு மைல் நடை: இந்த பிரேம் பேக் தாங்கியதா?

இந்த பிரேம் பேக்கை, அதாவது உறுதியான சட்டகத்தில் பொருத்திய முதுகுப்பையை, வாங்க ஒரே காரணம், நாங்கள் வேட்டைக்குப் போகும் இடத்தில் வண்டி உருட்ட முடியாது. அமெரிக்காவில் கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் காடு, கிட்டத்தட்ட 2,35,000 ஏக்கர், காட்டை இயற்கையாகவே விட்டுவைக்கும் 1964-ம் ஆண்டு வனாந்தரச் சட்டத்தின் (Wilderness Act) கீழ் வருவது. மோட்டார் மட்டுமில்லை, சைக்கிளும் கூடாது, மானை ஏற்றி இழுக்கிற இரண்டு சக்கரத் தள்ளுவண்டியும் கூடாது. குதிரை வைத்திருப்பவர்கள் அதில் ஏற்றிவிடுவார்கள். மற்றவர்களுக்கு முதுகுதான்.

அக்டோபர் கடைசியில் எனக்கு ஒரு ஆண் மியூல் மான் (பெரிய காதுள்ள வட அமெரிக்க மான்) கிடைத்தது, கார் நின்ற இடத்திலிருந்து நாலு மைல் உள்ளே. அதில் ஒரு மைலுக்குப் பாதையே கிடையாது, வண்டு அரித்துச் செத்த ஸ்புரூஸ் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடக்கும், ஒவ்வொன்றையும் காலைத் தூக்கித்தான் தாண்ட வேண்டும். முழு மானை இழுத்து வருவது நடக்காத காரியம். அதனால் நானும் நண்பரும் அங்கேயே தோலுரித்து, பின் தொடை இரண்டு, முன் சப்பை இரண்டு, முதுகுக்கறி, கழுத்துக்கறி என்று பிரித்து, காற்றுப் போகும் துணிப்பைகளில் போட்டு நிழலில் தொங்கவிட்டோம். ஆண் மான் என்பதற்கான அடையாளம் கறியோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்பது கொலராடோ விதி, அவசரத்தில் அதை வெட்டிவிடாதீர்கள்.

சரி, பைக்கு வருகிறேன். பைக்கும் அதைத் தாங்கும் பிரேமுக்கும் நடுவில் ஒரு தட்டு இருக்கிறது, பட்டைகளைத் தளர்த்திக் கறியை அதில் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். இதுதான் இந்தப் பையின் உயிர். எடை முதுகோடு ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உயரமாக உட்கார்ந்தால் நடக்கலாம், கீழே இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இழுக்கும். எடை குறைய எலும்பை எடுத்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள், குறையும்தான், ஆனால் எலும்பில்லாத கறி பிசைந்த மாவு மாதிரி வழிந்து அடியில் போய்ச் சேரும். எலும்போடு இருந்த இரண்டு தொடைகள் கட்டிய இடத்திலேயே நின்றன. நாலு மைலுக்கு நான் அதையே விரும்புவேன்.

முதல் நடையில் 26 கிலோ. இடுப்புப் பட்டை அருமை, எடை முழுவதையும் இடுப்பெலும்பு வாங்கிக்கொண்டது, காருக்கு வந்து கழற்றியபோது தோளில் சிவப்புத் தடம்கூட இல்லை. மறுநாள் இரண்டாவது நடையில் சப்பைகள், கழுத்துக்கறி, தலை. தலையைச் சுமந்தது கொம்புக்காக மட்டுமில்லை. கொலராடோ மான்களிடம் 1967-லேயே கண்டறியப்பட்ட, மானை மெலியவைத்துக் கொல்லும் தேய்வு நோய் (CWD) ஒன்று உண்டு, அதற்கான பரிசோதனைக்குத் தலையில் உள்ள நிணநீர் முடிச்சுகள் வேண்டும். பிள்ளைகள் சாப்பிடப்போகிற கறி, முடிவு வரும் வரை ஃப்ரீசரிலேயே வைத்திருந்தேன்.

குறைகளும் உண்டு. சுமையைத் தோளுக்கு மேல் இழுத்துப் பிடிக்கும் மேல் பட்டைகளின் பக்கிள் வழுக்குகிறது. கால் மணிக்கு ஒருமுறை நின்று இறுக்க வேண்டியிருந்தது, கடைசியில் பட்டையின் நுனியை முடிச்சுப் போட்டுச் சமாளித்தேன். 500 டாலருக்கு மேல் வாங்குகிற பையில் இது வரக்கூடாது. நிறுவனத்துக்கு எழுதினேன், வேறு பக்கிள் அனுப்பினார்கள், அது இதுவரை வழுக்கவில்லை.

இன்னொன்று, பையின் பழுப்பு நிறம். துப்பாக்கி சீசனில் மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படும்படி, இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலமாவது ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் உடை தெரிய வேண்டும், இந்தப் பையோ முதுகில் இருக்கிற ஆரஞ்சை முழுசாக மூடிவிடுகிறது, அதற்கு மேலே மான் கொம்பு வேறு நீட்டிக்கொண்டிருந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு என்ன தெரியும் என்று யோசியுங்கள். நான் ஆரஞ்சுத் துணியைப் பை மேலும் கொம்பிலும் சுற்றிக் கட்டினேன். ஒரு ஆரஞ்சு உறையைச் சேர்த்தே கொடுத்திருக்கலாம்.

வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வாங்கியதும் ஒரு 25 கிலோ அரிசி மூட்டையை அந்தத் தட்டில் கட்டி அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். நான் அப்படிச் செய்திருந்தால் பக்கிள் வழுக்குவது காட்டுக்குப் போகும் முன்பே தெரிந்திருக்கும்.