சேவையா, சொந்தத் தயாரிப்பா?

இந்திய மென்பொருள் துறையில் பணம் பார்க்க இரண்டு வழிகள். ஒன்று சேவை: வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்துகொடுத்து, பெரும்பாலும் ஆள் கணக்கில் கட்டணம் வாங்குவது. 1968-இல் தொடங்கிய டிசிஎஸ், 1981-இல் வந்த இன்ஃபோசிஸ் எல்லாம் இதில் பெருத்தவை. முதலீடு குறைவு, ஆபத்தும் குறைவு. 2000-ஆம் ஆண்டு பிறந்தால் கணினிகள் குழம்பிவிடும் என்று உலகம் பயந்தபோது இங்கே வேலை குவிந்தது. ஆனால் வருமானம் இரட்டிப்பாக வேண்டுமென்றால் ஆட்களும் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். எழுதிய நிரலும் பொதுவாக வாடிக்கையாளருக்கே சொந்தம்.

இரண்டாவது வழியான சொந்தத் தயாரிப்பு அப்படியல்ல. ஒருமுறை உருவாக்கியதைப் பத்துப் பேருக்கும் விற்கலாம், பத்தாயிரம் பேருக்கும் விற்கலாம். சரி, அது விற்கும்வரை சம்பளம் யார் தருவது? 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ, வெளி முதலீடு வாங்காமலே சமாளித்தது. 2010-இல் சென்னையில் பிறந்த ஃப்ரெஷ்வொர்க்ஸ் முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து, 2021-இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது.

வேலைவாய்ப்பில் சேவைக்கு ஈடில்லை. (சென்னையில் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர் சாலையின் காலை நெரிசலிலும் அதற்குப் பங்குண்டு.) ஆனாலும் என் ஓட்டு தயாரிப்புக்குத்தான். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்து எடுக்கவும், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போடவும் ஸோஹோவால் முடிந்திருக்கிறது.