வவுனியா வாடகை முகவர் சேவை: திருத்த வேலை நல்லது, அறிவித்தல் போதாது

வவுனியா நகரில் அனெக்ஸ்களை (பெரிய வீட்டோடு சேர்ந்த வாடகைப் பகுதிகளை) பராமரிக்கும் இந்த முகவர் சேவையில் திருத்த வேலை சுணங்குவதில்லை. நாங்கள் குடியிருக்கும் வீட்டைப் பரிசோதிக்க அவர்கள் வரும் முறைதான் பிழை. "நாளைக்கு வாறம்" என்று முதல்நாள் இரவு வட்ஸ்அப்பில் ஒரு வரி. நேரமும் இல்லை, காரணமும் இல்லை. ஆள் வேலைக்குப் போயிருந்தால் மாற்றுத் திறப்பால் திறந்து, அலுமாரியையும் சேர்த்துப் படமெடுக்கிறார்கள். இதை ஏற்கவே முடியாது. பார்க்க வேண்டியது பைப், சிங்க் அடி, சீலிங் ஒழுக்கு, மெயின் சுவிட்ச் மட்டுமே.

வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் கடினம், அதாவது சுண்ணாம்புச் சத்துக் கூடியது; பைப் வாயில் வெள்ளைப் படிவு கட்டும். அதைக் குடியிருப்பவரின் கவனக்குறைவு என்று முற்பணத்தில் கழிக்கப் பார்ப்பார்கள். குடிபுகும் நாளிலேயே ஒவ்வொரு பைப்பையும் கிட்டப் பிடித்துப் படமெடுத்து, முகவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். அதிலேயே போடுவியுங்கள்: 48 மணித்தியால எழுத்து அறிவித்தல், பகல் வேளை, குடியிருப்பவர் முன்னிலை, உடைமைகளைப் படமெடுக்கக் கூடாது. பைப் வெடிப்பு, தீ போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்கு. முகவரின் படிவத்திலுள்ள "எந்நேரமும் பார்வையிடலாம்" என்ற வரியை, நொத்தாரிசிடம் போகுமுன்னே வெட்டச் சொல்லுங்கள்.