ஈஆர்பிக்கு ஃபெயில்ஓவர் கிளஸ்டர்: சில வருடங்கள் ஓட்டிய பிறகு

எங்கள் தொழிற்சாலையில் பில், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருளான ஈஆர்பி நின்றால் லாரியும் நின்றுவிடும். பில் போடாமல் இ-வே பில் எடுக்க முடியாது, அது இல்லாமல் சரக்கு கேட்டைத் தாண்டாது. அதனால்தான் ஒற்றை சர்வரில் இருந்த டேட்டாபேஸை விண்டோஸ் சர்வர் 2019-இல் இரண்டு நோட் (சர்வர்) கொண்ட ஃபெயில்ஓவர் கிளஸ்டருக்கு, அதாவது ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் அமைப்புக்கு, மாற்றினோம். அதன் மேல் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் 2019, அதில் ஆல்வேஸ் ஆன் அவைலபிலிட்டி குரூப்: டேட்டாபேஸின் நகலை இரண்டு நோடிலும் வைத்து, ஓடும் நகல் (பிரைமரி) விழுந்தால் மறு நகலுக்கு (செகண்டரி) மாறும் வசதி.

ஷேர்டு ஸ்டோரேஜ் வைத்துச் செய்யும் பழைய முறையும் இருக்கிறது. ஆனால் அதில் இரண்டு சர்வரும் ஒரே ஸ்டோரேஜை நம்பி நிற்கும், அது போனால் எல்லாம் போச்சு. அவைலபிலிட்டி குரூப்பில் ஒவ்வொரு நோடுக்கும் தனி டிஸ்க், தனி நகல். செலவு கூடுதல்தான். ஸ்டாண்டர்டு எடிஷனில் ஒரு குரூப்புக்கு ஒரு டேட்டாபேஸ் மட்டுமே. எங்கள் ஈஆர்பியின் டேட்டாபேஸ்கள் ஒன்றையொன்று சார்ந்தவை, சேர்ந்தேதான் இடம் மாற வேண்டும். அதனால் என்டர்பிரைஸ் எடிஷனுக்குப் போனோம்.

கிளஸ்டரை நிறுவுவது கடினமில்லை. சர்வர்கள் கிளஸ்டருக்குத் தகுதியா என்று விண்டோஸ் சோதித்துத் தரும் வேலிடேஷன் ரிப்போர்ட் பிழையில்லாமல் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். லிஸனர் (டேட்டாபேஸ் எந்த நோடில் ஓடினாலும் நிரல்கள் அதை அடையும் பொதுப் பெயர்) உருவாக்கும் முன், கிளஸ்டரின் கம்ப்யூட்டர் அக்கவுண்டுக்கு ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் பயனர், கம்ப்யூட்டர் அக்கவுண்டுகளின் பட்டியல்) புதிய கம்ப்யூட்டர் அக்கவுண்ட் உருவாக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் அது.

விட்னஸைக் கொஞ்சம் யோசித்து வையுங்கள். இரண்டு நோடுக்கும் இடையே தொடர்பு அறுந்தால் எது தொடர்ந்து ஓடுவது என்று தீர்மானிக்க மூன்றாவது ஓட்டு வேண்டும், அதைத் தருவதுதான் விட்னஸ். அந்த ஓட்டைத் தரும் ஃபைல் ஷேர் (பகிர்ந்த ஃபோல்டர்) இரண்டு நோடிலும் இருக்கக் கூடாது. நோடுகள் விர்ச்சுவல் மெஷின் என்றால், அவை ஓடும் ஹோஸ்டிலும் (அவற்றைத் தாங்கும் நிஜ சர்வர்) கூடாது. இரண்டு நோடும் ஒரே ஹோஸ்டில் போய் உட்காராமல் இருக்க ஆன்டி-அஃபினிட்டி விதியும் போடுங்கள். விண்டோஸ் சர்வர் 2016 முதல், அந்த ஓட்டைக் கிளவுடிலிருந்து தரும் கிளவுட் விட்னஸும் உண்டு. மூன்றாவது இடம் இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி.

இனி முக்கியமான விஷயம். டேட்டாபேஸ் இடம் மாறிவிட்டது என்பதால் ஈஆர்பியும் மாறிவிட்டது என்று அர்த்தமில்லை. சோதனை ஃபெயில்ஓவரில் டேட்டாபேஸ் சில விநாடிகளில் அடுத்த நோடில் எழுந்துவிட்டது, ஆனால் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை. லாகின்கள், ஏஜென்ட் ஜாப்கள் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலைகள்), லிங்க்டு சர்வர்கள் (பிற சர்வர்களுக்கான இணைப்புகள்) எல்லாம் சர்வரைச் சேர்ந்தவை, குரூப்போடு பயணிக்காது. லாகினை இரண்டாவது நோடில் அதே பெயரில் உருவாக்கினால் மட்டும் போதாது, அதன் உள் அடையாள எண்ணான எஸ்ஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜாப்கள் இரண்டு நோடிலும் இருக்கட்டும். 'நான் இப்போது பிரைமரியா' என்று பார்த்துவிட்டு ஓடும்படி முதல் படியை எழுதுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் 2022 பதிப்பில், லாகின்களையும் ஜாப்களையும் கூடவே கொண்டுபோகும் கன்டெயின்டு அவைலபிலிட்டி குரூப் வந்து இந்த வேலை குறைந்திருக்கிறது.

அப்புறம் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங், அதாவது எந்த சர்வரோடு பேச வேண்டும் என்று நிரலில் எழுதியிருக்கும் வரி. ஈஆர்பி லிஸனர் பெயரில் பேசினாலும், சுற்றியிருக்கும் சின்னச் சின்ன நிரல்கள் பழைய சர்வர் பெயரையே பிடித்துக்கொண்டிருக்கும். எங்களிடம் லேபிள் அச்சிடும் சர்வீஸும் கணக்குப் பிரிவின் எக்ஸெல் ரிப்போர்ட்டுகளும் அப்படி இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தியதுதான் மொத்தத் திட்டத்திலேயே அதிக நேரம் எடுத்த வேலை. அறுந்த கனெக்‌ஷனை ஈஆர்பியின் சர்வீஸ் தானாகவே மீண்டும் திறக்கிறதா என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். எங்களுடையது திறக்கவில்லை. திருத்தம் வரும்வரை ஒவ்வொரு ஃபெயில்ஓவருக்குப் பிறகும் அதை ரீஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்தது.

சோதிப்பவர்கள் தெரிந்துகொள்ள ஒன்று: இரண்டு நோட் கிளஸ்டரில் இயல்பான அமைப்பின்படி ஆறு மணி நேரத்துக்குள் ஒரு தானியங்கி ஃபெயில்ஓவர்தான். காலையில் எஸ்க்யூஎல் சர்வீஸை நிறுத்திப் பார்த்துவிட்டு மதியமே மறுபடி நிறுத்தினால் குரூப் மாறாமல் ஃபெயில்டு நிலையிலேயே நிற்கும். கோளாறுள்ள குரூப் இரு நோடுக்கும் இடையே ஓயாமல் தாவாமலிருக்க வைத்த தடை அது. சோதனைக்கு மட்டும் அந்த எண்ணிக்கையைக் கூட்டி, முடிந்ததும் பழையபடி வைத்துவிடுங்கள்.

தானியங்கி ஃபெயில்ஓவருக்கு சிங்க்ரனஸ் கமிட் கட்டாயம். அதில் ஒவ்வொரு கமிட்டும் (மாற்றத்தை உறுதிசெய்து சேமிப்பது) இரண்டாவது நோடின் டிஸ்க்கில் லாக் (மாற்றங்களின் பதிவு) எழுதப்படும்வரை காத்திருக்கும். அந்த நோடில் மலிவான டிஸ்க் போட்டால் பில் போடுபவருக்கே தாமதம் தெரியும். செகண்டரி நீண்ட நேரம் நின்றுவிட்டால் பிரைமரியின் லாக் ஃபைல் சுருங்காமல் வளர்ந்துகொண்டே போகும், அந்த டிரைவுக்கு அலர்ட் வையுங்கள். பேக்கப்பையும் நிறுத்திவிடாதீர்கள். தவறாக ஓட்டிய டெலீட் அடுத்த நொடியே மறு நோடிலும் போய்ச் சேர்ந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு இதைப் பரிந்துரைப்பேனா? கட்டாயம். மாதாந்திர விண்டோஸ் அப்டேட்டை முதலில் செகண்டரியில் போட்டு, கையால் ஃபெயில்ஓவர் செய்து, மற்றதிலும் போடுகிறோம். முன்பு அதற்காக ஞாயிறு இரவு வருவோம். இப்போது வேலை நாளில், ஆள்கள் பில் போடாத சாப்பாட்டு இடைவேளையில் முடிகிறது. மாதாமாதம் மாற்றிப் பார்ப்பதால் எந்த லாகின் விட்டுப்போனாலும் அப்போதே தெரிந்துவிடுகிறது. ஆனால் அரை மணி நேரம் நின்றால் தாங்கும் நிறுவனம் என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஹோஸ்ட் விழுந்ததும் விர்ச்சுவல் மெஷினை வேறு ஹோஸ்டில் எழுப்பும் வசதியும், மீட்டுப் பார்த்த பேக்கப்பும் போதும்.