துறைக்கொரு கோப்புறையா, பொதுக் களஞ்சியமா?

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் தன்னாட்சி பெறாத கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் ஒன்றே. பாளையங்கோட்டையில் எழுதப்படும் பாடக்குறிப்பு தென்காசி மாணவருக்கும் பொருந்தும். அப்படியிருக்க, ஊருக்கு ஊர் அதையே மீண்டும் எழுதுவது வீண் உழைப்பு. ஒருமுறை எழுதியதைப் பகிர்ந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு.

கூகுள் டிரைவில் துறைக்கொரு கோப்புறை வைப்பது எளிது. இன்று மாலையே தொடங்கிவிடலாம். ஆனால் கணக்கு பெரும்பாலும் ஓர் ஆசிரியருடையது. அது மூடப்பட்டால் இணைப்புகள் அனைத்தும் அறுந்துபோகும். பக்கத்துக் கல்லூரிக்காரர் தேடினாலும் கோப்பு அகப்படாது.

இன்னொன்று, எல்லாக் கல்லூரிகளும் தேடி எடுக்கும் பொதுக் களஞ்சியம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகமும் எச்.பி. நிறுவனமும் 2002-இல் வெளியிட்ட டிஸ்பேஸ் என்ற திறமூல மென்பொருளில் அதை அமைக்கலாம். ஆசிரியர், பாடம், ஆண்டு, உரிமம் என ஒவ்வொரு கோப்புக்கும் விவரம் சேர்க்கலாம். சர்வர் மாறினாலும் மாறாத முகவரி தரலாம். திருத்த இடந்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்தால், மற்றொரு ஆசிரியர், எழுதியவரின் பெயரைக் குறிப்பிட்டுத் தன் வகுப்புக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது.

சர்வரும் பராமரிப்பு ஆளும் தேவை. அவற்றைவிட முக்கியம், விவரம் நிரப்பும் நூலகர். அவரில்லாத களஞ்சியம், பத்தமடைப் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டது போலத்தான்.

ஒரு பருவத்துக்கு மட்டும் என்றால் டிரைவ் போதும். நூலகருக்குச் சம்பளம் ஒதுக்கும் பல்கலைக்கழகத்துக்கு, தயங்காமல் பொதுக் களஞ்சியத்தையே சொல்வேன்.