மானிட்டர் காலிபரேஷனுக்கு ஆள் கூப்பிட்டு 22,200 ரூபாய் போச்சு: பெங்களூரு போட்டோ எடிட்டர்கள் கவனத்துக்கு

வயிறு எரிகிறது. எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். மானிட்டர் காட்டும் கலரை மீட்டரால் அளந்து சரிசெய்கிற காலிபரேஷனுக்கு 7,800 ரூபாய். அதை நம்பிப் பிரிண்ட் போட்ட கல்யாண ஆல்பத்தைத் திரும்ப அடிக்க 14,400 ரூபாய். மொத்தம் 22,200 ரூபாய். கடைப் பெயரைப் போடவில்லை. எஸ்.பி.ரோடு பக்கம் ஒரு சந்தில், மாடியில், பழைய மானிட்டர் வாங்கி விற்று சர்வீஸும் செய்கிற கடை. ‘போட்டோகிராபர்களுக்கு வீட்டுக்கே வந்து கலர் காலிபரேஷன்’ என்று விளம்பரம் செய்கிற ரகம். நடந்ததை முதலில் சொல்கிறேன். முறையாகச் செய்வது எப்படி என்று கடைசியில் படிப்படியாக எழுதுகிறேன்.

ஸ்டுடியோவில் இரண்டு மானிட்டர். ஒன்று 27 இஞ்ச், அடோபி ஆர்ஜிபி என்கிற பெரிய கலர் எல்லையை ஏறக்குறைய முழுசாகக் காட்டும் வைட் காமட் (அகன்ற கலர் எல்லை) பேனல். இன்னொன்று 24 இஞ்ச், அதைவிடச் சின்ன எல்லையான எஸ்ஆர்ஜிபியைக் காட்டும் சாதாரண பேனல். திரையின் கலரை அளக்கும் எங்கள் பழைய கலரிமீட்டரின் ஃபில்டர் வெளுத்துப்போய், அது காட்டும் அளவை நம்ப முடியாத நிலை. புதுசு வாங்கும்வரை ஒரு தடவை வெளியில் செய்துகொள்ளலாம் என்றுதான் கூப்பிட்டோம். மானிட்டருக்கு 3,900.

வந்தவர் கன்னடத்தில்தான் ஆரம்பித்தார். சுவரில் முருகர் காலண்டரைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டார். “நீங்களும் நம்ம பக்கமா சார்? எனக்குத் திருப்பத்தூர்.” அதோடு பாதி நம்பிக்கை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. மீதி நம்பிக்கை அந்தக் கறுப்பு ஜிப் பையைத் திறந்தபோது வந்தது. உள்ளே நல்ல கலரிமீட்டர், வயரில் எடைக்கட்டி, லென்ஸ் துடைக்கும் துணி எல்லாம் ஒழுங்காக அடுக்கி இருந்தது. எடைக்கட்டியை மானிட்டரின் பின்பக்கம் தொங்கவிட்டு மீட்டரைத் திரையின் நடுவில் வைத்தார். சிவப்பு, பச்சை, நீலம், பிறகு சாம்பல் படிகள் என்று கட்டங்கள் மாறி மாறி வந்தன. ஒரு மானிட்டருக்கு ஆறே நிமிஷம். கடைசியில் பென் டிரைவில் இருந்து ஒரு ஃபைலைக் காப்பி செய்தார். என்ன இது என்று கேட்டதற்கு “லைசன்ஸ் ஃபைல் சார்” என்றார். பிறகு மானிட்டரின் பட்டனைத் தட்டி, “இது பழசு, இது காலிபரேட் பண்ணது, வித்தியாசம் பாருங்க. மானிட்டருக்குள்ளயே சேவ் பண்ணிட்டேன்” என்றார். நீலமாக இருந்த திரை இதமாக மாறியது. மறுநாள் வாட்ஸப்பில் இரண்டு ரிப்போர்ட் வந்தது. சராசரி டெல்டா ஈ (இருக்க வேண்டிய கலருக்கும் திரை காட்டும் கலருக்கும் உள்ள வித்தியாசம்) 0.61, அதிகபட்சம் 1.87. ஒன்றுக்குக் கீழே சராசரி வந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 7,800 ரூபாயை யுபிஐயில் அனுப்பியாயிற்று.

அங்கேயே கவனித்திருக்க வேண்டியவை வரிசையாக இருந்தன. அன்று கரண்ட் போய் அப்போதுதான் வந்திருந்தது. மானிட்டர் ஆன் ஆகி ஐந்து நிமிஷத்தில் மீட்டரை மாட்டினார். பேக்லைட் சூடாகி நிலைக்கு வர அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் அளந்தால் வெளிச்சமும் வெள்ளையும் நகர்ந்துகொண்டே இருக்கும். மானிட்டரைப் பின்பக்கமாகச் சாய்க்கவில்லை. மீட்டரின் கீழ் விளிம்புக்கும் திரைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் இடைவெளி, அது வழியாகத் தலைக்கு மேலிருந்த டியூப் லைட் வெளிச்சம் உள்ளே போயிற்று. கட்டை விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு விட்டுவிட்டார். பேனல் என்ன வகை என்று கேட்கவே இல்லை. கலரிமீட்டர் தன் ஃபில்டர் வழியாகத்தான் பார்க்கிறது. வெள்ளை எல்இடி பேக்லைட்டுக்கு ஒரு திருத்தம், வைட் காமட் பேக்லைட்டுக்கு வேறு திருத்தம் சாஃப்ட்வேரில் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பானதைத் தேர்ந்தெடுத்தால் மீட்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வெள்ளையே தப்பாக வரும். மானிட்டருக்குள் சேவ் செய்தேன் என்றாரே, எங்கள் மாடலில் அதற்கு யுஎஸ்பி கேபிள் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும், அந்த மானிட்டர் கம்பெனியின் சாஃப்ட்வேரும் வேண்டும். கேபிள் அன்றைக்குப் பெட்டியிலேயே கிடந்தது.

மூன்று வாரத்தில் ஆல்பம் வந்தது. 12க்கு 36, 40 ஷீட். பெண்ணின் அம்மா முதல் ஷீட்டைத் திருப்பினார், கூறைப் புடவையில் விரலை வைத்தார். “தம்பி, நாங்க எடுத்தது அரக்குப் பட்டு. இது என்ன செங்கல் பொடி மாதிரி இருக்கு?” பதில் சொல்ல வாய் வரவில்லை. ரிசப்ஷன் ஷீட்டில் மயில் கழுத்துப் பச்சை கழுவித் துவைத்த மாதிரி இருந்தது. முகம் எல்லாம் ஒரு ஸ்டாப் (பாதி வெளிச்சம்) இருட்டு, தோலில் நீலம். பிரிண்ட் போட்ட லேப்பில் கேட்டால் அவர்கள் பிரிண்டரைச் சோதிக்க அன்றைக்கு அடித்த கன்ட்ரோல் ஸ்ட்ரிப்பை எடுத்து வைத்தார்கள். அது சரியாக இருந்தது. எங்கள் ஃபைலை அவர்கள் மானிட்டரில் திறந்தால் ஆல்பத்தில் இருப்பது அப்படியே தெரிந்தது. அப்போது தப்பு எங்கள் பக்கம்தான்.

வந்ததும் அந்த இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு வெவ்வேறு மானிட்டர், வெவ்வேறு பேனல், வெவ்வேறு வயசு. ஆனால் சராசரி இரண்டிலும் 0.61, அதிகபட்சம் இரண்டிலும் 1.87, கறுப்பின் வெளிச்சம் இரண்டிலும் 0.11. ஒரே மானிட்டரை இரண்டு தடவை அளந்தால்கூட இப்படிக் கடைசி எண் வரை ஒத்துப்போகாது. மேலே மாடல் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சீரியல் நம்பர் இடம் காலி.

அடுத்து அந்த ‘லைசன்ஸ் ஃபைல்’. அதுதான் ஐசிசி ப்ரொஃபைல், மானிட்டர் எந்தக் கலரை எப்படிக் காட்டும் என்று போட்டோஷாப் மாதிரி சாஃப்ட்வேருக்குச் சொல்கிற ஃபைல். ஃபைல் பெயரில் எங்கள் ஸ்டுடியோ பெயரும் அன்றைய தேதியும் இருந்தது. அளவு 3,144 பைட். விண்டோஸோடு வரும் எஸ்ஆர்ஜிபி ப்ரொஃபைலும் அதே 3,144 பைட். ப்ரொஃபைலைத் திறந்து உள்ளே பார்த்தால் உருவாக்கிய தேதி 1998 பிப்ரவரி 9. எங்கள் மானிட்டர் 2021ல் வாங்கியது! சிவப்பின் எண்கள் 0.4361, 0.2225, 0.0139. ப்ரொஃபைல்களில் வழக்கமாக வைக்கும் டி50 வெள்ளைக்கு மாற்றி எழுதிய எஸ்ஆர்ஜிபி சிவப்பு இது, நாலாம் தசமம் வரை. எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் சும்மா கிடக்கிற ஃபைலுக்குப் பெயர் மாற்றி, மானிட்டருக்கு 3,900 வாங்கியிருக்கிறார்கள்.

இதனால் என்ன ஆயிற்று என்பதை எடிட்டிங் செய்கிறவர்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். கலர் வரைபடத்தில் எஸ்ஆர்ஜிபியின் பச்சை எக்ஸ் 0.30, ஒய் 0.60ல் இருக்கிறது. அடோபி ஆர்ஜிபியின் பச்சை 0.21, 0.71ல். 27 இஞ்ச் பேனல் இந்த இரண்டாவது பச்சையைக் காட்டுவது. ஆனால் ப்ரொஃபைல் போட்டோஷாப்பிடம் “இது எஸ்ஆர்ஜிபி மானிட்டர்” என்று பொய் சொல்கிறது. போட்டோஷாப் எண்களை மாற்றாமல் அப்படியே அனுப்ப, பேனல் எல்லாக் கலரையும் ஊதிக் காட்டுகிறது. பட்டுப்புடவை கண்ணைப் பறிக்கிறது, சாச்சுரேஷனைக் குறைக்கிறோம். திரையில் அழகாக இருக்கும், பேப்பரில் செங்கல் பொடி.

இருட்டுக்கும் நீலத்துக்கும் காரணம் நண்பர் ஒருவரின் கலரிமீட்டரை வாங்கி டிஸ்ப்ளேகால் சாஃப்ட்வேரில் அளந்தபோது தெரிந்தது. வெளிச்சம் 236 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு). பிரிண்டுக்கு எடிட் செய்ய 80ல் இருந்து 120 வரை போதும். இரண்டு மடங்கு வெளிச்சத்தில் பார்த்து எடிட் செய்தால் எல்லாமே பளிச்சென்று தெரியும், எக்ஸ்போஷரை இறக்குவோம், பிரிண்ட் இருட்டும். வெள்ளை 5,700 கெல்வின். ‘காலிபரேட் பண்ணது’ என்று அவர் பட்டன் தட்டிக் காட்டியது மானிட்டரோடு வரும் ‘வார்ம்’ மோடு, வேறொன்றுமில்லை. திரை மஞ்சளடித்ததால் தோலை நீலப் பக்கம் தள்ளியிருக்கிறோம். தெரியவில்லையா என்று கேட்பீர்கள். பத்து நிமிஷத்தில் கண் எந்த வெள்ளைக்கும் பழகிவிடும். அதனால்தான் மீட்டர் என்று ஒன்றே இருக்கிறது, அதனால்தான் 7,800 ரூபாய் கொடுத்தோம். அளந்தபோது சராசரி டெல்டா ஈ 5.8, அதிகபட்சம் 12.4.

போன் போட்டால் முதல் நாள் பதில்: “லேப்ல பிரச்சினை இருக்கும் சார்.” இரண்டாம் நாள்: “டெக்னீஷியன் ஊருக்குப் போயிருக்கார்.” 1998 தேதியைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக், பதில் இல்லை. வெள்ளிக்கிழமை நேரில் போனேன். ஒன்றரை மணி நேரம் படிக்கட்டில் நிற்க வைத்துவிட்டு முதலாளி வந்தார். ரிப்போர்ட்டை நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுது சார். எங்க கஸ்டமர் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலயே” என்றார். மீட்டரைக் கையோடு கொண்டு போயிருந்தேன், இங்கேயே உங்கள் மானிட்டரில் அளந்து காட்டுகிறேன் என்றேன். “அதெல்லாம் கடையில வேணாம்.” பில் கேட்டேன். ‘கலர் செட்டிங் 2’ என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார், ஜிஎஸ்டி நம்பர் இல்லை. கடைசியில் அவர் சொன்னதுதான் தாங்கவில்லை: “மானிட்டர் பழசாயிடுச்சு, எக்ஸ்சேஞ்ச்ல போடுங்க, நல்ல விலை தர்றேன்.” 22,200 ரூபாய் போனவனிடம் மானிட்டரையும் கேட்கிறார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் கொடுத்திருக்கிறேன். துண்டுச் சீட்டு, யுபிஐ ரசீது, இரண்டு ரிப்போர்ட், ப்ரொஃபைல் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

படிப்படியாக எழுதுகிறேன் என்று சொன்னேன். 40 ஷீட்டையும் திங்கட்கிழமைக்குள் திருத்தி லேப்புக்கு அனுப்ப வேண்டும், இப்போதைக்கு முடியாது. அவசரத்துக்கு இவ்வளவு மட்டும்.

மானிட்டர் அரை மணி நேரம் எரிந்த பிறகுதான் மீட்டரை மாட்ட விடுங்கள். அதற்கு முன்னால் ரீசெட் செய்து டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ, நைட் லைட் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தை மானிட்டரின் பிரைட்னஸில் குறைக்க வேண்டும், வெள்ளையை மானிட்டரின் ஆர்ஜிபி கெயினைக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். வெள்ளை எக்ஸ் 0.3127, ஒய் 0.3290 பக்கத்தில் வந்ததை நீங்களே பாருங்கள். இதைச் செய்யாமல் எல்லாவற்றையும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் கட்டினால் போட்டோவில் வானம் பட்டை பட்டையாகத் தெரியும். பென் டிரைவில் இருந்து எதையும் போட விடாதீர்கள், ப்ரொஃபைல் உங்கள் கம்ப்யூட்டரில் உங்கள் கண் முன்னால் உருவாக வேண்டும். திரும்ப அளந்து சரிபார்க்கிற வெரிஃபிகேஷனையும் அங்கேயே ஓட்டச் சொல்லுங்கள். சீரியல் நம்பர் போட்ட ரிப்போர்ட்டும் பில்லும் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள்.

இந்த ஊரில் யாராவது சமீபத்தில் காலிபரேஷன் செய்திருந்தால் ரிப்போர்ட்டை இப்போதே எடுத்துப் பாருங்கள். 0.61, 1.87 என்று இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், புகாரில் உங்களதையும் சேர்க்கிறேன்.